தாழம்பூவுக்கு உள்ளே இடமில்லை

கண்ணாயிரம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டான். பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவனுக்கு, ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்று ராஜமாணிக்கம் நினைத்துக்கொண்டார்.

"மணியக்காரரே, முடிவாயிடுச்சி. டிசம்பர் பதினாறு. சண்டை ஜெயிச்சி பத்து வருஷம் ஆவுது. நம்ம பக்கத்துல செத்த பதினேழு பேருக்கும் ஆளுக்கொரு பூ. கையால செஞ்ச பூ. பீங்கான்ல."

"எதுல?"

"பீங்கான்லங்க. கம்பியில சொருவி, நம்ம முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு முன்னாடி பாத்தி கட்டி நட்டுடப் போறோம். வெயிலு மழை எதுவும் ஒண்ணும் பண்ணாது. வாடாது. கர்னல் ஐயா சம்சாரம் சொன்ன யோசனை."

"டீக்கடைக் கப்பு இருக்குதே, அந்தப் பீங்கானா?"

"கிட்டத்தட்ட அதான்."

"அப்போ என் மவனுக்கு ஒரு சாசரும் சேத்து வெச்சிடு."

கண்ணாயிரம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மீசையைத் தடவினான். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. அவர் சிரித்துக் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷம் மணியக்காரராக இருந்தவர். அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கு முன்னால் தாத்தா. போன வருஷம் சர்க்கார் ஒரே உத்தரவில் அந்தப் பதவியையே துடைத்து எடுத்துவிட்டது. ஊர் வாய் மட்டும் பழக்கத்தில் இன்னும் அவரை மணியக்காரர் என்றே கூப்பிட்டது. அந்தப் பழக்கமும் எத்தனை நாளைக்கு என்று அவருக்குத் தெரியும். டீக்கடையில் அவரைக் கண்டால் எழுந்தவர்களில் பாதிப் பேர் இப்போது பெஞ்சில் கொஞ்சம் நகர்வதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முழுசாக எழுந்து நின்றவர்கள் பதவிக்காக எழுந்தவர்கள் அல்ல. அர்ஜுனனுக்காக எழுந்தவர்கள்.

அர்ஜுனன் அவருடைய ஒரே மகன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்பதை ராஜமாணிக்கம் பத்து வருஷமாகச் சொல்லிவந்தார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொன்னார். பஞ்சாயத்தில் எதிர்ப் பேச்சு பேசியவன் வாயை அடைக்கவும் சொன்னார். "மார்புல மூணு குண்டு. முதுகுல ஒரு கீறல் கிடையாது." இதைச் சொல்லும்போது கூட்டம் மூச்சுவிடாது. அவர் மனைவி கண்ணை மூடியதும் அந்த மூன்று குண்டை நம்பித்தான்.

இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு இங்கிலீஷ் காகிதம் கிடந்தது. அன்றைக்கு அந்த ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சண்டை தொடங்கிய நாலாம் நாள், முகாம் ஆஸ்பத்திரியில், மஞ்சள் காமாலையில் இறந்தான் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. காமாலை! வயல் வரப்பில் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிற ஊரில் பிறந்தவன், ஆடு மேய்க்கிறவனுக்கும் வருகிற வியாதியில் போய்ச் சேர்ந்தான். மணியக்காரர் மகன் அப்படிச் சாக முடியாது. அன்று மாலையே அவனுக்கு மூன்று குண்டுகள் கிடைத்தன.

"அன்னிக்கி நீங்கதான் பேசணும்," என்றான் கண்ணாயிரம். "மைக் வெக்கிறோம். கர்னல் ஐயா வர்றாரு. அந்த மூணு குண்டு கதைய..."

"கதை இல்ல. சம்பவம்."

"சம்பவந்தாங்க. அப்புறம், பூ செய்யறது யாருன்னு கேக்கலியே? உங்க மருமவதான். ஆதிலட்சுமி."

ஆதிலட்சுமி புருஷன் செத்து இரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்தாள். பிறகு, சிப்பாய்களின் விதவைகளுக்குத் தொழில் கற்றுத் தருகிறார்கள் என்று ராணிப்பேட்டைப் பக்கம் போனாள். போனவள் தையல் கற்றாளா, டைப்பிங் கற்றாளா? பீங்கான் வேலை கற்றுக்கொண்டு வந்தாள். இப்போது அடி அண்ணாமலையில் தன் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, கருப்பன் என்பவனின் சூளையில் மண் பிசைகிறாள். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்குச் சின்னச் சின்ன விளக்கும் கிண்ணமும் விற்கிறாள். மணியக்காரர் வீட்டு மருமகள் தெருவோரம் கிண்ணம் விற்கிறாள் என்று அவர் காதுபடவே ஒருவன் சொன்னான். அன்று முதல் அவர் மலை சுற்றப் போவதை நிறுத்திவிட்டார்.

"எந்தப் பூன்னு அந்தந்த வீட்டுக்காரங்க சொல்லணும். உங்க வீட்டுக்கு மருமவளே முடிவு பண்ணிட்டாங்களாம்."

"எதையோ பண்ணித் தொலைக்கட்டும். மண்ணுதானே," என்றார் ராஜமாணிக்கம்.

பத்து நாள் கழித்துக் கண்ணாயிரம் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை செருப்பை ஒழுங்காகக் கழற்றினான். அதிலேயே ஏதோ விவகாரம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு சிக்கலுங்க. பூவை எல்லாம் மொதல்ல கோயிலுக்கு எடுத்துனு போயி, அண்ணாமலையார் பாதத்துல வெச்சி அர்ச்சனை பண்ணிட்டு, அப்புறம் நடலாம்னு ஏற்பாடு. குருக்கள் பட்டியலப் பாத்தாரு. பதினாறு பூ வரலாம், ஒண்ணு மட்டும் வாசல் தாண்டக் கூடாதுன்னுட்டாரு."

"எது?"

"உங்களுதுதான். ஆதிலட்சுமி தாழம்பூ பண்ணி வெச்சிருக்குது."

திருவண்ணாமலையில் பிறந்த குழந்தைக்கும் அந்தப் பூவின் சங்கதி தெரியும். நெருப்பு மலையாக நின்ற சிவனின் முடியைப் பார்த்துவிட்டேன் என்று பிரம்மன் பொய் சொன்னபோது, ஆமாம், பார்த்தார், நான் சாட்சி என்று சொன்னது தாழம்பூ. பொய்ச் சாட்சி சொன்ன பூ. அன்றைக்கே சிவன் அதைத் தள்ளிவைத்துவிட்டார். அந்தக் கதை நடந்த மலையடியிலேயே குடியிருக்கிறவள், உலகத்தில் இருக்கிற பூவை எல்லாம் விட்டுவிட்டு, அர்ஜுனனுக்கு அதைப் பண்ணி வைத்திருக்கிறாள்.

யதேச்சையாகவா? அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வண்டி புடி," என்றார். "நானே வர்றேன்."

பஸ்ஸில் திருவண்ணாமலை வந்து, அங்கிருந்து ஜட்கா பிடித்து அடி அண்ணாமலை போனார்கள். வழியெல்லாம் கண்ணாயிரம் மாலை, மைக், கர்னலுக்குப் போடும் நாற்காலி என்று பேசிக்கொண்டே வந்தான். ராஜமாணிக்கம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். அது அவரைப் பார்ப்பதுபோல் இருந்ததால் கொஞ்ச நேரத்தில் குதிரையின் வாலைப் பார்க்கத் தொடங்கினார்.

சூளைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆதிலட்சுமி முழங்கை வரைக்கும் வெள்ளைச் சேறோடு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்க மாமா."

"கையப் பாரு. கொத்தனாரு கையே இதுக்குத் தேவல."

"சேறு இல்ல மாமா, வெள்ளைக் களிமண்ணு. ராணிப்பேட்டையில இருந்து வருது."

"சீமையில இருந்து வந்தாலும் மண்ணு மண்ணுதான்."

மூலையில் எல்லம்மாள் குந்தியிருந்தாள். அவரைக் கண்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் ஊரில் ஆடு மேய்க்கிறவள். அவள் மகன் சுப்பனும் அதே சண்டையில் போனவன். தன் மகனுடைய பூ எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவள், கிளம்ப மனசில்லாமல் அதையே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பலகையில் பூக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு இதழையும் தனித்தனியாகக் கட்டை விரலால் அழுத்தி எடுத்து ஒட்டியிருந்தாள். சூளையில் வெந்த பிறகும் விரல் ரேகை இதழின் அடியில் தெரிந்தது. ராஜமாணிக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பயிர் ஆய்வு செய்கிறவர் மாதிரி பலகையோரமாக நடந்தார்.

"செம்பருத்தி. தலைக்குத் தேய்ச்சிக் குளிக்கறதுக்கா? இது இன்னா, அரளி. அரளி வெதைய அரைச்சிக் குடிக்கிறவங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தி. நல்ல மரியாதை! துலுக்கச் சாமந்தி. பொணத்து மேல போடறதையே தேடிப் புடிச்சிருக்காங்க." எல்லம்மாளின் மடியில் இருந்ததைப் பார்த்தார். "அது இன்னாது, பூசணிப் பூவா? கூட்டு வெக்கவா எல்லம்மா?"

எல்லம்மாள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"மார்கழி மொத நாளுங்க அது. விடிகாலையில கோலம் போட்டு, சாணி உருண்ட வெச்சி, பூசணிப் பூவச் சொருவிட்டு நிமிந்தேன். தந்திக்காரன் நின்னான். எனக்கு வேற எந்தப் பூவு ஞாபகம் வரும்? நீங்களே சொல்லுங்க."

அவர் பலகையின் கடைசிக்குப் போனார்.

தாழம்பூ அங்கே தனியாக இருந்தது. ஒரு முழங்கை நீளம். மடலுக்குள் மடலாக, வெண்ணெய் நிறத்தில், நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் ஏறி இருந்தது. மடல் ஓரங்களில் ஊசியால் முள் கீறியிருந்தாள். அடிக்காம்பில் அர்ஜுனன் என்று எழுதியிருந்தது. பார்த்த கணத்தில் வாசனை வருவதுபோல் இருந்தது அவருக்கு. அதுதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது.

"யார் சொல்லி இதப் பண்ண?"

"யாரும் சொல்லல மாமா. எனக்குத் தோணிச்சி."

"உனக்குத் தோணிச்சா? ஊருக்கே தெரிஞ்ச கத உனக்குத் தெரியாதா? பொய்ச் சாட்சி சொன்ன பூவ எடுத்து என் மவன் பேரு எழுதி வெச்சிருக்கியே, யாரப் பொய்யன்ற? தைரியம் இருந்தா என் மூஞ்சப் பாத்துக் கேளு! காமாலையில செத்தவன குண்டு பட்டுச் செத்தான்னு சொன்னேன், ஆமா, சொன்னேன்! எங்குடும்பத்துக்காகச் சொன்னேன். அதுக்கு நீ நடுத்தெருவுல கம்பி நட்டு, பூ வெச்சிக் காட்டுவியா?"

வெளியே ஜட்காக் குதிரை குளம்பைத் தட்டியது மட்டும் கேட்டது.

கண்ணாயிரம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"மணியக்காரரே... இப்போ யாரு அதக் கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. பத்து வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியாது. அந்த இடத்தில் உட்கார ஒரு நாற்காலி கேட்பதற்கும் அவருக்கு மனசு வரவில்லை. நின்றார்.

"எனக்குத் தெரியும் மாமா," என்றாள் ஆதிலட்சுமி. "பென்ஷன் காயிதத்துல இருந்துச்சி. எழுபத்திரெண்டுலயே ஆபீஸ்ல ஒரு கிளார்க் படிச்சிக் காட்டினாரு. அத்தைகிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. நீங்க பேசும்போது தலையக் குனிஞ்சினு நிப்பேன். அழுவுறான்னு நெனப்பாங்க."

"அப்போ இந்தப் பூவு?"

"கல்யாணம் ஆன வருஷம் லீவுல வந்தாரு. ஏரிக்கரப் பொதருக்குள்ள பூந்து ஒரு தாழம்பூ வெட்டினு வந்தாரு. கையெல்லாம் முள்ளு கீறி ரத்தம். அத்தை அத மடல் மடலா பிரிச்சி என் ஜடையில வெச்சித் தெச்சாங்க. நீங்க கூட, வீடெல்லாம் வாசனை அடிக்குது, பாம்பு வரப் போவுதுன்னு திட்டினீங்க." அவள் கையில் காய்ந்த மண்ணை உரித்தாள். "அவரு மேல நான் பாத்த ரத்தம் அது ஒண்ணுதான் மாமா. கோயிலு, சாட்சி எல்லாம் எனக்கு ஞாபகமே வரல."

கண்ணாயிரம் தொண்டையைக் கனைத்தான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. சங்கத்துப் பட்டியல்ல எப்படிச் செத்தாங்கன்னு எழுதறதுக்குக் கட்டமே கிடையாது. பேரு, நம்பரு, தேதி. அவ்ளோதான். உடுப்புல செத்தா போதும். லாரி கவுந்து செத்தவன் ரெண்டு பேரு இருக்கான் இதுல."

அதாவது அந்த மூன்று குண்டுகளும் யாருக்கும் தேவைப்படவே இல்லை. கண்ணாயிரம் போன்ற ஒருவன் வாயிலிருந்து இதைக் கேட்க வேண்டியிருந்ததே என்றுதான் ராஜமாணிக்கத்துக்கு முதலில் எரிந்தது.

ஆனால் எல்லம்மாள் எழுந்துவிட்டாள். பூசணிப் பூவை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

"எனக்கு வந்த தந்தியில ஒண்ணுமே இல்லீங்க. ஒடம்பும் வரல. எப்படிச் செத்தான், எந்நேரம் செத்தான், தண்ணி கேட்டானா, ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லக் கேட்டுக் கேட்டு, சுப்பனுக்கும் அப்படித்தான் ஆயிருக்கும்னு நெனச்சிக்கினேன். மார்புல மூணு குண்டு, ஒடனே போயிட்டான், வலி தெரியலன்னு. உங்க மவன் சாவ எடுத்து என் மவனுக்குப் போட்டுக்கினேன்." அவள் குரல் உயரவில்லை. "இப்போ அதுவும் போச்சி. நீங்க காயிதத்தப் பொட்டியில வெச்சினு இருந்தீங்க. எனக்கு அந்தக் காயிதம் வந்திருந்தா நான் ஊரெல்லாம் காட்டியிருப்பேன். காமாலைன்னாலும் காட்டியிருப்பேன்."

அவள் போய்விட்டாள். போகிற போக்கில் அவருக்குக் கும்பிடு போடவில்லை.

"இன்னொரு பூ பண்ண நான் தயாரா இல்ல மாமா," என்றாள் ஆதிலட்சுமி. "வேணாம்னா சொல்லுங்க. பதினாறோட நிறுத்திக்கிறேன்."

ராஜமாணிக்கம் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் ஏறிய கண்ணாயிரத்தைப் பார்த்து, "நகந்து உக்காரு," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அடுத்த வாரம் ஊருக்குள் செய்தி பரவும் என்று காத்திருந்தார். பரவவில்லை. எல்லம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. டீக்கடையில் எப்போதும்போல் நாலு பேர் எழுந்து நின்றார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆடு மேய்ப்பவளின் தயவில் மரியாதை வாங்குவதா? ஏசினாலும் தாங்கியிருப்பார். இந்தப் பிச்சையை அவரால் தாங்க முடியவில்லை. "உக்காருங்கய்யா, சும்மா சும்மா எதுக்கு எழுந்திருக்கறீங்க!" என்று சீறினார். எழுந்தவர்கள் விழித்தார்கள்.

டிசம்பர் பதினாறு காலை, ராஜகோபுரத்து வாசலில் பதினேழு வீட்டுக்காரர்களும் கூடினார்கள். கண்ணாயிரம் பழைய பதக்கங்களை எல்லாம் மாட்டிக்கொண்டு, பித்தளைக் கடை மாதிரி இருந்தான். தட்டுத் தட்டாகப் பூக்கள். செம்பருத்தி, அரளி, சாமந்தி, எல்லம்மாளின் பூசணி. தாழம்பூவை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, வேனில் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான்.

"அத ஏன் சீட்டுக்கு அடியில வெச்சிருக்க?" என்றார் ராஜமாணிக்கம்.

"உள்ளதான் விட மாட்டாங்களே. அர்ச்சனை முடிஞ்சி வந்ததும் எடுத்துக்கலாம்னு..."

"என் மவன் என்ன ஸ்டெப்னி டயரா? குடு இங்க."

வாங்கினார். காகிதத்தைப் பிரித்துக் கசக்கிக் கண்ணாயிரத்தின் கையில் கொடுத்தார். தாழம்பூவை வலது கையில் நேராகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உள்ள வரலியா மாமா?" என்றாள் ஆதிலட்சுமி.

"நீ போ. செஞ்சவ நீ. எல்லம்மா தட்டத் தூக்க முடியாம நிக்கிறா பாரு, போய்ப் புடி. நான் இங்க இருக்கேன்."

பதினாறு பூக்களும் வாசலைத் தாண்டி உள்ளே போயின. எல்லம்மாள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ராஜமாணிக்கம் கோபுரத்துக்கு எதிரே, தேர் நிற்கிற தெருவின் நடுவில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கீழ்பென்னாத்தூர் ஆட்கள் இரண்டு மூன்று பேர் கண்ணில் பட்டு, கும்பிட்டு, கையில் இருப்பதைக் கண்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். இதை விட்டெறிந்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, தாழம்பூவ எடுத்துனு கோயிலுக்கு வந்துட்டீங்க. உள்ள விட மாட்டாங்களே, தெரியாதா?"

"தெரியும்."

"நெசப் பூ இல்லியா அது? அட, பீங்கானு! யாருக்குங்க?"

"என் மவனுக்கு. பட்டாளத்துல செத்தான்."

கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். பக்கத்துக் கடையில் குங்குமம் அள்ளிக்கொண்டிருந்த பெண்ணும் நிமிர்ந்தாள். கும்பிட்டுவிட்டு நகர்ந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர், அவர் பேசப் போகிறார் என்று தெரிந்து, பழக்கத்தில் பக்கம் வந்து நின்றார்கள். அவர்களுக்கு அடுத்த வரி மனப்பாடம்.

"குண்டு பட்டுங்களா?" என்றார் கடைக்காரர், மெதுவாக.

மூன்று குண்டுகளும் நாக்கு நுனியில் வந்து நின்றன. பத்து வருஷம் சொன்ன வாய்.

"காமாலையில," என்றார் ராஜமாணிக்கம்.

"இன்னாது?"

"மஞ்சக் காமாலை. காது கேக்காதா உனக்கு? ஆஸ்பத்திரியில செத்தான். உடுப்போட போனான், திரும்பி வரல. குண்டு கிண்டு ஒண்ணும் கிடையாது." ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "இன்னா பாக்கறீங்க? நான்தான் மாத்திச் சொன்னேன். இன்னும் அரை மணியில சங்கத்துல மைக்லயும் சொல்லப் போறேன். சிரிக்கிறவன் அங்க வந்து சிரிக்கட்டும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தேங்காய்க் கடைக்காரர் கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டியிருந்த படுதாவைக் காட்டினார்.

"வெயில்ல நிக்கிறீங்களே. இப்படி நெழலுக்கு வாங்க. அவங்க வர்ற வரைக்கும் உக்காரலாம்."

ராஜமாணிக்கம் நகரவில்லை. பூவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"வேணாம். இத வெயிலு ஒண்ணும் பண்ணாது," என்றார்.